லிஃப்டுக்கு எதிர் அலமாரி

ஜனவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கனமான கருவிப் பெட்டியைத் தூக்காதே என்று சொன்னால் கேட்கிற ஆளா நீ. உன் வீட்டுக்காரிக்குக் கண்ணாடி மாற்றியாயிற்றா?

விஷயத்துக்கு வருகிறேன். புத்தகம் வந்துவிட்டது. அச்சகத்திலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்து கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. 'பொறுங்கள், சொல்வார்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே என் பெயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் ஊரார் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவள், இப்போதுதான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேன்.

உன் அத்தான் முதல் பிரதியை வாங்கி, அட்டையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "நாளைக்கு" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பக்கவாதம் வந்த இந்த மூன்று வருடத்தில் அவருக்கு மிஞ்சிய ஒரே வார்த்தை அதுதான். பசித்தாலும் நாளைக்கு, வலித்தாலும் நாளைக்கு. செருப்புக் கடையில் நின்றுகொண்டு, இறுக்குகிறது என்று முகம் சுளித்தவர்களிடமெல்லாம் "நாளைக்கே தளர்ந்துடும்" என்று சொல்லி விற்ற மனிதர் இல்லையா. மற்ற வார்த்தைகள் எல்லாம் கடையைக் காலி செய்துவிட்டன. அது மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது.

இதை விற்றுச் சம்பாதிக்கும் ஆசை எனக்கு இல்லை. நூலகத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் விழுந்த புதிதில் நான் இங்குள்ள நூலகத்துக்கு ஓடினேன். தூக்க முடியாத கனத்தில் வைத்தியப் புத்தகங்கள் கிடைத்தன. மூளையை நாலாகப் பிளந்து கலர் கலராகப் படம் போட்டிருந்தார்கள். ஆனால் பேச்சுப் போன மனிதரிடம் டீ வேண்டுமா என்று எப்படிக் கேட்பது என்று அதில் ஒரு வரி இல்லை. அன்றைக்கு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தது எனக்கு மறக்காது. அடுத்து அப்படி ஓடி வருகிறவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. இதற்காகத்தான் எழுதினேன்.

இங்கே நூலகத்தை இடித்துக் கட்டுகிறார்கள், எப்போது முடியுமோ. நீதான் உங்கள் ஊர்ப் பெரிய நூலகத்தின் லிஃப்டைப் பார்த்துக்கொள்கிறாயே. ஐந்து பிரதிகள் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அங்கே கொடுத்துவிடு.

போன் செய்யாதே, எழுது. நான் போனில் பேசினால் அத்தான் முகம் சுருங்கிவிடுகிறது. கடிதம் என்றால் அவருக்கும் சேர்த்து ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். முதுகு அவ்வப்போது தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. கண்ணாடி மாற்றியாயிற்று. மாற்றிய கண்ணாடியால் என் வீட்டுக்காரி முதலில் படித்தது உன் புத்தகத்தைத்தான். அடுப்பில் வைத்ததைக் கவனிக்காமல் படித்ததால் அன்று சாப்பாடு தீய்ந்துபோனது. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்.

நூலகத்தைப் பற்றிக் கவலையை விடு. அந்தக் கட்டடத்தில் என்னைத் தெரியாதவர்கள் யார்? திங்கட்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்குப் போகிறேன். கையோடு கொடுத்துவிட்டு வருகிறேன். ஐந்து நிமிட வேலை.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கே சுகமா என்று கேட்டு எழுதினால்தான் பதில் வரும்போலிருக்கிறது. ஐந்து நிமிட வேலைக்கு நாலு வாரம் ஆகிறதா? லிஃப்டில் எங்கேயாவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாயா?

தபால்காரர் மணி அடித்தால் அத்தான் ஊன்றுகோலைத் தட்டி என்னை வாசலுக்கு அனுப்புகிறார். நான் வெறுங்கையோடு உள்ளே வந்தால் "நாளைக்கு" என்று தேற்றுகிறார். இந்த ஒரு விஷயத்தில் அவர் வார்த்தை சரியான அர்த்தத்திலேயே வருகிறது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா? அப்படியிருந்தால் மறைக்காமல் எழுது. நான் உடைந்துபோய்விட மாட்டேன். கொஞ்சம் அழுவேன், பிறகு வேறு வழி பார்ப்பேன்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு வேலைதான் காரணம். ஒரு மருத்துவமனை லிஃப்டின் கம்பி முழுவதையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது.

உன் புத்தகம் நூலகத்தில் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது மாடியில், லிஃப்ட் கதவு திறந்ததும் நேர் எதிரே உள்ள அலமாரியில், கண் மட்டத்துக்கு இருக்கும் தட்டில் இருக்கிறது. ஏன் அந்த இடம் என்று கேட்பாய். நடக்க முடிந்தவர்கள் படியேறிப் போய்விடுகிறார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர்கள், கை பிடித்து யாரையாவது கூட்டி வருகிறவர்கள், இவர்கள்தான் லிஃப்டில் வருவார்கள். திரும்பிப் போகும்போதும் லிஃப்டுக்காக அங்கேதான் நிற்பார்கள். நிற்கிறவர்கள் வேறு எதைப் பார்ப்பார்கள்? எதிரில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். உன் புத்தகம் தேவைப்படுகிறவர்களும் அவர்கள்தானே.

இங்கே வெயில் அதிகம். அத்தானுக்கு நிறையத் தண்ணீர் கொடு.

தம்பி


மார்ச் 10

மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்களோடு பணிபுரிகிறவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

'பொறுங்கள், சொல்வார்' என்ற சிறு புத்தகத்தை எழுதியவள் நான். பெரிய பதிப்பகம் எதுவும் இல்லை, நானே அச்சடித்தது. அதை மதித்து உங்கள் நூலகத்தில் ஏற்றுக்கொண்டதாக அறிந்தேன். அதுவும் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரில், நோயாளிகளோடு வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்திருக்கிறீர்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் பெரிய மனதுக்காரராக இருக்க வேண்டும். அவருக்கு என் நன்றியைத் தனியாகச் சொல்லுங்கள்.

என் கணவரால் நன்றி சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கடிதத்தின் கீழே இடது கையால் அவர் போட்ட கோடு அவருடைய நன்றிதான்.

என்றும் நன்றியுடன்,
நூலாசிரியர்


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. நூலகருக்கு நன்றிக் கடிதம் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். எதற்கு அக்கா இந்த வேலையெல்லாம்? அவ்வளவு பெரிய நூலகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் வரும். பிரித்தே பார்க்க மாட்டார்கள். பதில் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதே. அப்படியே ஏதாவது பதில் வந்தாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. புதிதாக வந்தவர்கள் யாராவது விவரம் தெரியாமல் எழுதியிருப்பார்கள்.

நூலக முத்திரை எப்படி இருக்கும், பக்கத்தில் என்ன புத்தகம் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். அடுத்த முறை பார்த்து எழுதுகிறேன். முதுகுவலி கொஞ்சம் அதிகம்.

தம்பி


மார்ச் 27

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் கடிதத்தையும் உங்கள் கணவரின் கோட்டையும் பார்த்தேன். இங்கே அனைவரும் நலம். கொஞ்சம் குழப்பத்தில் இருந்தோம், அது உங்கள் கடிதத்தால் தீர்ந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் உங்கள் புத்தகத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கள் பதிவில் அது இல்லை, முத்திரை இல்லை, எண் இல்லை. இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு பெண் அதை இரவல் பெறுவதற்காக மேசைக்குக் கொண்டுவந்தார். கணினிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. சுற்றுலா நூல்களுக்கு நடுவில் இருந்ததாம். யாரோ தவறவிட்டது என்று நினைத்து, எங்கள் உதவியாளர் அதைக் குடைகளும் சாவிக்கொத்துகளும் கிடக்கும் பெட்டியில் போட்டுவிட்டார்.

அந்தப் பெண் விடவில்லை. மறுநாள் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். கடைசியில் என் அறைக்கே வந்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பாவுக்குப் பேச்சு போனதிலேர்ந்து ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றாரு. எங்களுக்குக் கோபமா வரும், அப்புறம் அழுகையா வரும். இந்தம்மா வீட்டுலயும் ஒருத்தர் எல்லாத்துக்கும் நாளைக்குன்னு சொல்றாராம். அதைப் படிச்சுட்டு லிஃப்ட் வாசல்லயே நின்னு சிரிச்சுட்டேன் சார். அப்பாவும் என்னைப் பார்த்துச் சிரிச்சாரு."

விதிப்படி நான் அதை இரவல் தர முடியாது. ஆனால் தவறவிட்ட பொருளைப் பார்த்துக்கொள்ளும்படி ஒருவரிடம் கொடுத்து வைக்க விதியில் தடை ஏதும் இல்லை. கொடுத்து வைத்திருக்கிறேன்.

இனி முறையாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். எண் வாங்குங்கள். இப்போது நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறது. அலமாரியில் நிற்கும்போது பெயர் தெரிய, முதுகுள்ள பைண்டிங் வேண்டும். முதல் பக்கத்தின் பின்னால் பதிப்பு விவரம், முகவரி இருக்கட்டும். என்ன பொருள், யாருக்குப் பயன்படும் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, ஒரு பிரதியோடு தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள். இலவசமாகக் கட்டுக் கட்டாக அனுப்ப வேண்டாம், அவை பிரிக்கப்படாமலே கிடக்கும். எல்லாவற்றையும்விட, வாசகர்கள் கேட்டு எழுதித் தரும் சீட்டுக்குத்தான் குழுவில் மதிப்பு. அந்தப் பெண் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்று. ஜனவரியில் ஒருவர் இந்தப் புத்தகத்தை மேசையில் நீட்டியதாகவும், எண் இல்லை என்று திருப்பி அனுப்பியதாகவும் உதவியாளர் சொல்கிறார். வந்தவர் சண்டை போடவில்லையாம். நன்றி சொல்லிவிட்டுக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாராம். அவர் யார் என்று நான் விசாரிக்கப்போவதில்லை. ஆனால் பிப்ரவரியிலிருந்து எங்கள் லிஃப்டுக்கு வந்த யோகத்தைச் சொல்ல வேண்டும். பழுதே இல்லாத லிஃப்டை வாரம் தவறாமல் வந்து சோதித்துவிட்டுப் போகிறார்கள். அதிலும் இரண்டாவது மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்கிறார்கள்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு நன்றி சொல்லச் சொன்னீர்கள். அதை நீங்களே சொல்வதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
நூலகர்


ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய நூலகர் ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. இரண்டாவது தடவை அந்தப் பெண்ணுக்காக அழுதேன். மூன்றாவது தடவை என் கணவருக்கு உரக்கப் படித்தேன். வாரம் தவறாமல் லிஃப்டைச் சோதிக்கும் இடம் வந்ததும் அவர் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

அனுமதி இல்லாமல் வைத்தது தவறு. யார் வைத்தது என்று நான் எழுதவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு என்ன கைம்மாறு செய்வேன். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்கிறேன். தவறவிட்ட பொருள் அந்தப் பெண்ணிடமே பத்திரமாக இருக்கட்டும்.

அவருடைய அப்பாவிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்பா திணறும்போது மகள் முந்திக்கொண்டு வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. புத்தகத்தில் இருக்கிறது, இருந்தாலும் மனம் கேட்கவில்லை.

நன்றியுடன்,
நூலாசிரியர்


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். உன் முதுகு எப்படி? அடிக்கடி லிஃப்ட் வாசலில் நிற்பதால் வந்த வலியாக இருக்கும், உட்கார்ந்து வேலை பார்.

நூலகரிடமிருந்து பதில் வருமா என்று கவலைப்பட்டாயே, நல்ல மனிதர் அவர், விவரம் தெரிந்தவர். நீ எழுதியபடியே நான் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புத்தகத்தை முதுகு வைத்து மறுபடி அச்சடிக்கலாம் என்று இருக்கிறேன். அலமாரியில் நின்றால் பெயர் தெரிய வேண்டுமாம். உன்னிடம் மிச்சம் இருக்கும் பிரதிகள் எத்தனை என்று நான் கேட்கவில்லை. எத்தனை இருந்தாலும் உன் வீட்டிலேயே இருக்கட்டும். வெளியே எங்கும் எடுத்துப் போகாதே.

அத்தானுக்கு என்னவோ தெரியவில்லை, உன் பேச்சை எடுத்தாலே சிரிக்கிறார்.

அக்கா


ஆகஸ்ட் 16

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் வீட்டுக்காரி எழுதிய கார்டால்தான் நீங்கள் நலம் என்று தெரிந்தது. "கடிதம் எழுத உட்கார்றார், பேனாவை எடுக்கிறார், அப்புறம் எழுந்து வீட்டு மின்விசிறிக்கு எண்ணெய் போடறார்" என்று எழுதியிருந்தாள். போதும், மின்விசிறியை விட்டுவிடு.

நல்ல செய்தி. தேர்வுக் குழு புத்தகத்தை எடுத்துக்கொண்டது. கேட்டு எழுதிய வாசகர்கள் ஒன்பது பேராம். முதல் சீட்டு அந்தப் பெண்ணுடையது. இரண்டாவது சீட்டை, அன்றைக்கு மேசையில் 'எண் இல்லை' என்று திருப்பி அனுப்பிய உதவியாளரே எழுதினாராம். அவர் வீட்டில் யாருக்கு என்று நூலகர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. சும்மா வாங்கிக்கொள்ளாமல் மூன்று பிரதிகளை விலை கொடுத்தே வாங்கியிருக்கிறார்கள். வகைப்பாட்டின்படி மருத்துவ நூல்கள் முதல் மாடியில் இருக்க வேண்டுமாம். ஆனால் லிஃப்டுக்கு எதிரே இருந்த சுற்றுலா நூல்களை வேறு பக்கம் நகர்த்திவிட்டு, அந்த அலமாரியை வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார் நூலகர். இப்படி ஒரு யோசனை தனக்கு இத்தனை வருடம் தோன்றவில்லையே என்று எழுதியிருக்கிறார்.

புதிய பதிப்பில் ஒரு பிரதி இதோடு வருகிறது. ஐந்தாம் பக்கத்தைத் திற. நன்றி என்ற தலைப்பில் ஒரே ஒரு வரி போட்டிருக்கிறேன்: 'கேட்காமல் கொண்டுபோய் வைத்த கைக்கு.'

தம்பி, நீ 'இருக்கிறது' என்று எழுதிய அன்று இந்த வீட்டில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அத்தான் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார். நீ 'வேண்டாம் என்றார்கள்' என்று எழுதியிருந்தால் நான் நன்றிக் கடிதம் போட்டிருக்க மாட்டேன். நன்றிக் கடிதம் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் கையில் இருந்த புத்தகம் சாவிக்கொத்துகளோடு கிடந்திருக்கும். நான் உனக்குப் பட்ட கடன் பெரியது. என் தம்பியாக நீ வாய்த்ததற்குச் சந்தோஷப்படுகிறேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இதற்கு நீ எந்த விளக்கமும் எழுத வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். மின்விசிறிகளும் நலம், ஒன்றுகூடச் சத்தம் போடுவதில்லை.

ஐந்தாம் பக்கத்தைப் பார்த்தேன். நீ சொன்னபடி அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. என் வீட்டுக்காரி அதைச் சமையலறைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்கிறாள். புத்தகத்தைக் கிழிக்க விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று நூலகத்துக்குப் போனேன். கருவிப் பெட்டி இல்லாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். காவலாளிக்கு அடையாளம் தெரியவில்லை. லிஃப்டில் ஏறி இரண்டாவது மாடியில் இறங்கினேன். கதவு திறந்தது. எதிர் அலமாரியில், கண் மட்டத்துத் தட்டில், விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி.

அக்கா, உன் புத்தகம் நூலகத்தில் இல்லை.

மூன்று பிரதிகளும் இல்லை. கீழே மேசையில் போய்க் கேட்டேன். அதே உதவியாளர்தான் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார், கையைப் பார்த்தார், பெட்டி இல்லை. பிறகு, "மூணும் வெளியே போயிருக்கு. வரிசையில இன்னும் நாலு பேர் காத்திருக்காங்க" என்றார். 'இருக்கிறது' என்று உனக்கு மார்ச்சில் எழுதும்போது என் பேனா ஓடவில்லை. 'இல்லை' என்று எழுத இவ்வளவு ஆனந்தமாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்.

வரிசையில் ஐந்தாவதாக என் பெயரைப் போடச் சொன்னேன். வீட்டில் உன் புத்தகம் ஐந்து இருக்கிறது. ஆனால் முத்திரை குத்திய பிரதியை, நாலு பேர் கை பட்டுத் தளர்ந்து வரும் பிரதியைப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. இத்தனை வருடம் அந்தக் கட்டடத்துக்குப் போய் வருகிறேன், லிஃப்டைத் தவிர எதையும் திறந்து பார்த்ததில்லை. விவரங்களை எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, ஜனவரியில் நான் அவருக்குச் சொன்ன நன்றியை எனக்குத் திருப்பிச் சொன்னார். அட்டை எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டேன்.

"நாளைக்கு" என்றார்.

நான் சிரித்ததைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். உதவியாளரும் சிரித்துவிட்டார். அவரும் உன் புத்தகத்தைப் படித்தவர்தானே.

இதை அத்தானுக்கு மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டு. நாளைக்கு அட்டை வாங்கப் போகிறேன்.

உன் தம்பி